எட்டு வருஷம் மாவட்டமாக இருந்த சம்புவராயர்

நம் செட்டில் 1990களின் முதல் பாதியில் இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள் நிறையப் பேர். உங்கள் பிறப்புச் சான்றிதழைப் பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்பாவின் பழைய சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஏதாவது கிடைத்தாலும் சரி. மாவட்டம் என்ற இடத்தில் 'திருவண்ணாமலை சம்புவராயர்' என்று இருக்கக்கூடும். 1989 செப்டம்பரில் வடாற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது வேலூர்ப் பக்கத்துக்கு அம்பேத்கர் பெயரும் நம் பக்கத்துக்குச் சம்புவராயர் பெயரும் வைத்தார்கள். 1997-இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தபோது அந்தப் பெயர் போயிற்று. ஆக, எட்டு வருஷம் ஒரு மாவட்டத்தையே தன் பெயரில் வைத்திருந்த இந்தச் சம்புவராயர் யார்?

பெரும்பாலோர் உடனே 'கடம்பூர் சம்புவரையர்' என்பார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் சதியாலோசனை நடப்பதும் ஆதித்த கரிகாலன் சாவதும் அவர் மாளிகையில்தான். 2022-இல் படம் வந்தபிறகு நாவல் படிக்காதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆனால் அது பத்தாம் நூற்றாண்டுக் கதை, அதுவும் கொள்ளிடக் கரைப் பக்கத்துக் கதை. நம் மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த சம்புவராயர்களின் கல்வெட்டுகள் வரிசையாகக் கிடைப்பது அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில். இடமும் தொண்டை மண்டலம்: செய்யாறு, போளூர், செங்கம், காஞ்சிபுரம். கல்கியைக் குறை சொல்லவில்லை. நாவல் நாவல்தான். நாம்தான் அதை வரலாறு என்று பாஸ் போட்டுவிட்டோம்.

இன்னொரு விஷயம். சம்புவராயர் என்பது ஒரு ஆள் அல்ல. அது ஒரு குலம். இன்னும் சரியாகச் சொன்னால் அது குலப்பெயரே அல்ல, பட்டப்பெயர். குலப்பெயர் செங்கேணி.

கல்வெட்டில் வரும் அவர்கள் பெயரைப் பார்த்தால் நம் டிராயிங் நம்பர் மாதிரி இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு சேதி சொல்லும். 'செங்கேணி அம்மையப்பன் அத்திமல்லனான விக்கிரமசோழச் சம்புவராயன்' என்று ஒருவர். முதலில் செங்கேணி, அது குடும்பம். அடுத்து அம்மையப்பன், அத்திமல்லன். இவை வீட்டில் வைத்த பெயர்கள். அந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வருபவை. கடைசியில் 'ஆன' என்று போட்டு அரசு கொடுத்த பட்டம். அந்தப் பட்டத்துக்கு முன்னால் ஒரு சோழ ராஜாவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். விக்கிரமசோழச் சம்புவராயன் ஒருவர், எதிரிலிசோழச் சம்புவராயன் ஒருவர், ராஜகம்பீரச் சம்புவராயன் ஒருவர். எதிரிலிப்பெருமாள் என்பது இரண்டாம் ராஜாதிராஜனுக்குப் பட்டத்துக்கு முன் இருந்த பெயர் என்பது பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டால் தெரிகிறது. ராஜகம்பீரன் என்பது தாராசுரம் கோயில் கட்டிய இரண்டாம் ராஜராஜனின் விருதுப்பெயர். அந்தக் கோயில் முன்மண்டபத்துக்கே ராஜகம்பீரன் திருமண்டபம் என்றுதான் பெயர்.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான். செங்கேணி என்ற உள்ளூர்க் குடும்பம் ஒன்று சோழர்களிடம் வேலைக்குச் சேர்ந்தது. அந்த வேலையோடு வந்த பட்டம் சம்புவராயன். வேலை பரம்பரையானதும் பட்டமும் பரம்பரையாயிற்று. கர்ணம், மணியக்காரர், நாட்டாமை என்று உத்தியோகப் பெயரே குடும்பப் பெயராகிப் போனதை நம் கிராமங்களில் பார்க்கிறோமே, அதே சங்கதி கொஞ்சம் பெரிய அளவில். செங்கேணி என்பதும் செம்மண் பூமியில் ஒரு கேணியை ஒட்டி இருந்த ஊர்ப்பெயராகத்தான் எனக்குப் படுகிறது. கேணி இருந்த இடத்திலிருந்து கிளம்பினவன் சக்கரவர்த்தியானான் என்பதில் ஒன்றும் இழுக்கில்லை.

ஆனால் பிற்காலத்துக்கு அது போதவில்லை. சம்பு என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு சம்பு மாமுனிவர் யாகம் செய்தார், யாகத்தீயிலிருந்து வீரன் ஒருவன் குதிரைமேல் வந்தான், அவன் வழியில் வந்தவர்கள் இவர்கள் என்று புராணம் சேர்ந்துகொண்டது. இன்று யார் யார் அவர்கள் வாரிசு என்ற வழக்குக்குள் நான் போகப் போவதில்லை. மலர்க்குழு அதற்கு இடமும் தராது! ஆதிமுனிவர் இல்லாமல் குலம் இல்லை என்ற ஆசை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அயர்லாந்தில் ஓ'நீல் என்று ஒரு பெரிய குலம். 'ஒன்பது பிணைக்கைதிகளின் நீல்' என்ற பழைய அரசன் ஒருவனை மூதாதையாகச் சொல்வார்கள். அங்கே மடாலயங்களில் இருந்த துறவிகள் தோல் ஏட்டில் குலவரிசை எழுதும்போது அந்த நீலோடு நிறுத்தவில்லை. பைபிளில் வரும் நோவா வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். ஓட்டையில்லாத வம்சாவளி எங்கே இருந்தாலும் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. நம் செங்கேணிக்காரர்கள் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. அவர்களைப் பற்றிய முதல்தரச் சாட்சி, நிலம் கொடுத்ததும் வரி விட்டதும் உடன்படிக்கை செய்ததும் பதிவான கல். அது பத்திரப்பதிவு மாதிரி. பத்திரத்தில் எல்லையும் அளவும் இருக்கும், புராணம் இருக்காது.

அப்படி ஒரு கல் காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் ராஜாதிராஜன் காலம், 1170 வாக்கில். மதுரை சிம்மாசனத்துக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் சண்டை போட, ஒருவருக்கு இலங்கையின் பராக்கிரமபாகு துணை, இன்னொருவருக்குச் சோழன் துணை. இலங்கைத் தளபதி லங்காபுரன் ராமேசுவரத்தில் இறங்கி உள்ளே வந்துகொண்டிருக்கிறான். எதிர்த்துப் போன சோழப்படையின் நிலைமை கவலைக்கிடம். இங்கே எதிரிலிசோழச் சம்புவராயர் உமாபதிதேவர் என்கிற ஞானசிவரிடம் போய், இந்தப் படை விலக வழி செய்ய வேண்டும் என்று கேட்கிறார். ஞானசிவர் இருபத்தெட்டு நாள் பூஜை செய்கிறார். பிறகு பல்லவராயரிடமிருந்து ஓலை வருகிறது: லங்காபுர தண்டநாயகனும் ஜயத்ரத தண்டநாயகனும் தோற்று ஓடினார்கள் என்று. சந்தோஷத்தில் சம்புவராயர் ஆர்ப்பாக்கம் கிராமத்தையே ஞானசிவருக்குக் கொடுத்துவிட்டார்.

இதில் பூஜை பலித்ததா என்பது என் கேள்வி அல்ல. ஒரு கிராமத்தை முழுசாகத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்குச் செங்கேணிக்காரர்கள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். யுத்தம் சோழனுடையது, கவலை சம்புவராயருடையது, தானமும் சம்புவராயருடையது. மேலே ராஜா பெயரும் ஆட்சியாண்டும் தவறாமல் இருக்கும். கீழே காரியம் நடத்துகிறவர் வேறு. அரசு ஆபீஸில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த கட்டம் செங்கத்தில். மூன்றாம் குலோத்துங்கன் ஆண்ட காலம் (1178–1218). அவன் சோழர்களில் கடைசிப் பெரிய ராஜா. அவன் ஆளும்போதே செங்கம் கோயில் கல்லில் ஒரு உடன்படிக்கை வெட்டியிருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவர்கள் மேலே சொன்ன அத்திமல்லனான விக்கிரமசோழச் சம்புவராயர், தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள், கரிகாலசோழ ஆடையூர் நாடாழ்வான். ஆடையூர் வேறெங்கோ இல்லை. நாம் கிரிவலம் வரும்போது அடிஅண்ணாமலை தாண்டி இருக்கிற அதே ஆடையூர்தான். தகடூர் இன்றைய தர்மபுரி.

'ஒருவருக்கொருவர் துணை, ஒருவர் பகைவனோடு மற்றவர் சேருவதில்லை' என்ற வகையில் அந்தக் காலத்துக் குறுநிலத் தலைவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பல கல்வெட்டுகளில் உண்டு. சோழனுக்குத் துரோகம் செய்வோம் என்று யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் ஒரே ராஜாவுக்குக் கீழே இருக்கிறவர்கள் தங்களுக்குள் தனி ஒப்பந்தம் போட்டுக் கோயில் சுவரில் எழுதி வைக்கிறார்கள் என்றால், மேலே இருக்கிறவர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை போய்விட்டது என்றுதானே அர்த்தம்? சோழ அரசு எப்போது விழுந்தது என்று பாடப்புத்தகத்தில் 1279 என்று போட்டிருக்கும். விரிசல் எங்கே விட்டது என்று கேட்டால் நான் செங்கத்தைக் காட்டுவேன்.

அந்த விடுகாதழகிய பெருமாளை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். போளூர் பக்கம் திருமலை என்ற சமணக்கோயில் மலை இருக்கிறதே, அங்கே. தன் முன்னோர் எழினி செய்துவைத்த யக்ஷன், யக்ஷி சிலைகள் பழுதுபட்டிருந்ததைச் சரிசெய்து வைத்ததாக அங்கே அவர் கல்வெட்டு சொல்கிறது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1231 வாக்கில் நம் வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாற்றில் காடவர் கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் ராஜராஜனைத் தோற்கடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசள ராஜா வந்து மீட்டார். சொந்தச் சிற்றரசன் சிறைவைத்து, அடுத்த நாட்டு ராஜா மீட்டுத் தருகிற சக்கரவர்த்தி! அதற்குப் பிறகு சோழனுடைய ஆட்சியாண்டைப் போடுவது சம்பிரதாயம் மட்டும்தான்.

அந்தச் சம்பிரதாயமும் விட்டுப்போனதற்குச் சாட்சி படைவேட்டில் இருக்கிறது. போளூரிலிருந்து வேலூர் ரோட்டில் சந்தவாசல் போய் இடதுபக்கம் திரும்பினால் ஜவ்வாதுமலை அடிவாரத்தில் படைவேடு. ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி வெள்ளியில் போகாத குடும்பம் நம் பக்கம் குறைவு. அதே ஊரில் அம்மையப்ப ஈசுவரர் கோயில் என்று ஒன்று. சுவாமி பெயரைப் பாருங்கள்: அம்மையப்பன், செங்கேணிக் குடும்பத்துப் பெயர்! அந்தக் கோயில் மண்டபத் தரையில் கிடந்த ஒரு கல்லில், சகாப்தம் 1180-இல், அதாவது 1258-இல், ராஜகம்பீரச் சம்புவராயர் கோயிலுக்கு ஒரு கிராமம் கொடுத்த சேதி இருக்கிறது. சோழனுடைய இத்தனையாவது ஆட்சியாண்டு என்று போடாமல் சக வருஷத்தைப் போட்டிருக்கிறார். யாருக்கும் கீழே இல்லை, யாரோடும் சண்டையும் இல்லை, காலண்டரை மட்டும் மாற்றிவிட்டேன் என்கிற மாதிரி. சுதந்திரப் பிரகடனம் இப்படியும் இருக்கலாம்.

இந்தக் கல்லைப் படித்து அச்சிட்டவர் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர். 1890-இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் படைவேடு, விரிஞ்சிபுரம், திருமலை எல்லாம் இருக்கிறது. நம் மாவட்டத்துச் சரித்திரத்துக்கு அந்த ஒரு புத்தகத்தைவிடப் பெரிய சொத்து கிடையாது.

அதே திருமலையில் இன்னொரு சின்னக் கல்வெட்டு. ராஜா வேண்டாம், இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பல்குன்றக் கோட்டத்தில் 'சம்புகுலப்பெருமாள் அகரமான ராஜகம்பீரச் சதுர்வேதிமங்கலம்' என்ற ஊரைச் சேர்ந்த அம்பலப்பெருமாள் என்கிற சீனத்தரையன், வைகைத் திருமலையில் ஒரு மதகு கட்டினார். அவ்வளவுதான் சேதி. காலத்தைக் குறிக்க மேலே வீரபாண்டியனுடைய ஆட்சியாண்டு. அப்போது ஆட்சி பாண்டியனுக்குக் கைமாறியிருந்தது; ஆனால் ஊர் இன்னும் 'சம்புகுலம்' என்ற பெயரைச் சுமந்துகொண்டிருந்தது. உத்தியோகப் பட்டமாக ஆரம்பித்தது குலப்பெயராகி, குலப்பெயர் ஊர்ப்பெயராகியும்விட்டது! மதகு கட்டினவருடைய பெயர் எழுநூறு வருஷம் நிற்கிறது. நாம் போட்ட கல்வெர்ட்டுகளில் நம் பெயரா இருக்கிறது? திறந்துவைத்தவர் பெயர் இருக்கும்.

பாண்டியர் வீட்டுச் சண்டையும் 1311-இல் மாலிக் காபூர் படையெடுப்பும் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டன. காகதீயர் படை காஞ்சிக்கு வந்தது, சேர நாட்டிலிருந்து ரவிவர்மன் வந்தான். எல்லோரும் வந்துபோன பிறகு தொண்டை மண்டலத்தில் நிலைத்து நின்றவர்கள் உள்ளூர்க்காரர்களான சம்புவராயர்கள்தான். 1322-இலிருந்து 'சகலலோகச் சக்கரவர்த்தி வென்றுமண்கொண்டான் சம்புவராயன்'. பெயரிலேயே ஜெயித்து மண்ணைப் பிடித்த கதை இருக்கிறது. அவருக்குப் பின் மகன் 'சகலலோகச் சக்கரவர்த்தி ராஜநாராயணன் சம்புவராயன்', 1337-இலிருந்து. காஞ்சிபுரம், படைவேடு, கடலோரம் சேர்ந்த ஒரு நாட்டை வைத்துக்கொண்டு சகல லோகத்துக்கும் சக்கரவர்த்தி என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இப்போது முன்னொட்டில் எந்தச் சோழன் பெயரும் இல்லை. இருநூறு வருஷம் இன்னொருவர் பெயரைச் சுமந்த குடும்பம் சொந்தப் பெயர் வைத்துக்கொள்ளும்போது கொஞ்சம் பெரிதாகத்தான் வைக்கும்.

அதே வருஷங்களில் நம் திருவண்ணாமலையில் யார் இருந்தார் தெரியுமா? போசள ராஜா மூன்றாம் வல்லாளன். வடக்கே தலைநகர் துவாரசமுத்திரம் நாசமான பிறகு அவர் இங்கே வந்து அண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார். பெரிய கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் அவர் பெயரில் நிற்கிறது. 1342 வாக்கில் மதுரை சுல்தானோடு போரிட்டு மாண்டார். பிள்ளையில்லாத அவருக்கு அருணாசலேசுவரரே மகனாக இருந்து மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுப்பதாக ஐதீகம், இன்றும் நடக்கிறது. ஆக 1330களில் நம் மாவட்டத்துக்குள் இரண்டு தலைநகரங்கள், அண்ணாமலையும் படைவேடும். வெளியூர்க்காரருக்குச் சுவாமியே வருஷா வருஷம் திதி கொடுக்கிறார். உள்ளூர்க்காரருக்குக் கிடைத்தது எட்டு வருஷ மாவட்டப் பெயர். பொறாமையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்.

ராஜநாராயணன் பெயர் கடற்கரையிலும் இருந்தது. கல்பாக்கம் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்போது ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர். அங்கே நெசவும் துறைமுக வியாபாரமும் நடந்தன. திருமலையில் அவருடைய பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் பொன்னூரைச் சேர்ந்த பொன்னாண்டை மகள் நல்லாத்தாள் என்ற பெண் சமணத் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்திருக்கிறாள். ராஜா சைவர், பக்கத்து மலையில் ஒரு பெண் அருகர் திருமேனி வைக்கிறாள், இரண்டும் ஒரே ஆட்சியாண்டுக் கணக்கில். இரட்டைப்புலவர்கள் பாடிய ஏகாம்பரநாதர் உலாவிலும் சம்புவராயர் இடம்பெறுகிறார்.

முடிவு வடக்கேயிருந்து வந்தது. விஜயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன் மதுரை சுல்தானியத்தை ஒழிக்கக் கிளம்பினவன். மதுரைக்குப் போகிற வழியில் முதலில் நின்றவர்கள் சம்புவராயர்கள். 1360களின் தொடக்கத்தில் படைவேட்டின் ராஜகம்பீரன் மலைக்கோட்டை விழுந்தது. இதைக் கம்பணனின் மனைவி கங்காதேவியே 'மதுராவிஜயம்' என்ற வடமொழிக் காவியமாக எழுதினாள். அதில் சம்பராஜன் கோட்டைக்குள் ஒதுங்கி, கடைசியில் கம்பணனோடு நேருக்கு நேர் வாள்சண்டை போட்டுச் சாகிறான். ஜெயித்தவனின் மனைவி எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அந்தக் காவியமும் 1916-இல் திருவனந்தபுரத்தில் வேறு இரண்டு நூல்களுக்கு நடுவே சொருகியிருந்த ஏட்டுக்கட்டாக, நடுநடுவே சிதைந்து கிடைத்தது. சம்புவராயர் தரப்பில் யாரும் காவியம் எழுதவில்லை. அவர்களுக்கு மிச்சம் அந்தக் கற்கள்தான்.

ஒன்று மட்டும் விஜயநகரத்தாரால் மாற்ற முடியவில்லை. புதிதாகப் பிடித்த நாட்டுக்குப் புதுப்பெயர் வைக்காமல் 'படைவீட்டு ராஜ்யம்' என்றே வைத்துக்கொண்டார்கள். 1425-இல், தேவராயர் காலத்தில், விரிஞ்சிபுரம் கோயிலில் படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி ஒரு ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் எல்லோரும் சேர்ந்தது. இனிமேல் கல்யாணம் கன்னிகாதானமாகத்தான் நடக்க வேண்டும், பெண்ணுக்காகப் பொன் வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் சாதிக்குப் புறம்பு, ராஜதண்டனைக்கும் உரியவன் என்று. சம்புவராயர் ஆட்சி போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாட்டின் பெயர் அவர்கள் ஊர்ப்பெயர்.

படைவேட்டுக்காரர்களைக் கேட்டால் கல்மாரியும் மண்மாரியும் பெய்து பழைய பட்டணம் புதைந்தது என்பார்கள். கமண்டல நாகநதி மலையிலிருந்து இறங்கும் இடம் அது. செண்பகத்தோப்பு அணை கட்டியிருக்கிறார்களே, அதே ஆறு. மலைச்சரிவும் வெள்ளமும் கொண்டுவந்த மண் என்று எடுத்துக்கொண்டால் கதையில் பெரிய தப்பில்லை. மண்ணுக்குள் கிடந்த கோயில்கள் சிலவற்றை டி.வி.எஸ். குழுமத்தின் அறக்கட்டளை முயற்சியில் தோண்டி எடுத்துக் கட்டி, இன்று பூஜை நடக்கிறது.

மண் மூடினதாவது பத்திரமாக வைத்தது. எனக்குப் பயம் திருப்பணியைப் பார்த்தால்தான். மணல் பீச்சி அடித்துச் சுவரைப் 'புதுசு' ஆக்குவது, தரைக்கல்மேல் டைல்ஸ் ஒட்டுவது, அதிட்டானத்தில் எழுத்து இருக்கும் வரிசைமேல் சிமெண்ட் பூசுவது. படைவேட்டுக் கல் மண்டபத் தரையில் கிடந்தது என்று சொன்னேன் அல்லவா, இன்றைய கான்டிராக்டராக இருந்தால் அதன்மேல் வெள்ளை கிரானைட் போட்டிருப்பார். நம்மில் எத்தனையோ பேர் கட்டட வேலையில் இருக்கிறோம், ஊர்க் கோயில் கமிட்டியிலும் சிலர் இருக்கிறோம். எஸ்டிமேட் போடுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது கோயிலைச் சுற்றிவந்து, எழுத்து இருக்கும் கல்லையெல்லாம் செல்போனில் படம் பிடித்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கல்லில் 'செங்கேணி' என்று இருந்தால் அவர்கள் சொல்லுவார்கள்.